பழைய ஆஸில்லோஸ்கோப்போட பவர் சப்ளை ரிப்பேர்: அடிக்கடி வர்ற கேள்விகள்

ஃபேன் சுத்துது, பேனல் லைட் எரியுது, ஆனா ஸ்கிரீன்ல டிரேஸ் (சிக்னல வரைஞ்சு காட்டற அந்த வெளிச்சக் கோடு) வரல. பவர் சப்ளை நல்லாதானே இருக்கு, அப்புறம் ஏன் எல்லாரும் அங்கயே போய் பாக்கச் சொல்றாங்க?

ஃபேன் சுத்துதுங்கறத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுங்க. பழைய ஸ்கோப்புக்குள்ள அஞ்சாறு வோல்டேஜ் தனித்தனியா ஓடும், டெக்ட்ரோனிக்ஸ் கம்பெனியோட 465 மாடல எடுத்துக்கிட்டா பிளஸ் 110, பிளஸ் 55, பிளஸ் 15, பிளஸ் 5, மைனஸ் 8-ன்னு அஞ்சு ரெயில், அதாவது அஞ்சு சப்ளை லைன் இருக்கு, அதுக்கு மேல பிக்சர் டியூபுக்கு ஹை வோல்டேஜ் வேற. இதுல ஒண்ணு படுத்தாலும் லைட் பாட்டுக்கு எரியும், ஆனா ஸ்வீப் (புள்ளி இடமிருந்து வலமா போறது) ஓடாது, இல்ல டிரேஸ் ஸ்கிரீனுக்கு வெளிய எங்கயோ போய் ஒட்டிக்கும். இது தெரியாம வெர்டிகல் ஆம்ப்ளிஃபையர்ல உக்காந்து ஒவ்வொரு டிரான்சிஸ்டரா கழட்டி ரெண்டு வாரம் ஓட்டினவங்க நிறைய பேரு, நானும் ஆரம்பத்துல அப்படித்தான் பண்ணேன். எல்லா ரெயிலையும் அளந்து ஒரு பேப்பர்ல எழுதி வைக்க பத்து நிமிஷம் போதும். அதுக்கு முன்னாடி வேற எதையும் தொடாதீங்க.

உள்ள கை வைக்கும்போது எதுல ஜாக்கிரதையா இருக்கணும்?

பிளக்க புடுங்கிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறதுதான் பெரிய ஆபத்து. ஃபில்டர் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். சுவிட்ச் மோட் சப்ளைன்னா (கரண்ட வேகமா ஆன் ஆஃப் பண்ணி வோல்டேஜ மாத்தற டைப்) 230 வோல்ட் லைன்ல இருந்து நேரா ரெக்டிஃபை ஆகி 325 வோல்ட் டிசி பக்கம் ஒரு கெப்பாசிட்டர்ல உக்காந்திருக்கும், சார்ஜ இறக்கறதுக்காக அதுக்கு குறுக்க இருக்கற பிளீடர் ரெசிஸ்டர் ஓப்பன் ஆகியிருந்தா அது இறங்கவே ரொம்ப நேரம் ஆகும். ஸ்க்ரூடிரைவர வச்சு ஷார்ட் பண்ணாதீங்க, பொறி பறக்கும், கெப்பாசிட்டரும் கெடும். 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயர் போட்டு ஒரு டூலா வச்சுக்கங்க, அத வச்சு சில செகண்ட் பிடிச்சுட்டு மீட்டர்ல பூஜ்யம் காட்டுதான்னு பாத்துட்டு அப்புறம் கைய வைங்க. பிக்சர் டியூபோட ஆனோடு வேற தனியா சார்ஜ் பிடிச்சு வச்சிருக்கும், அதையும் பெரிய ரெசிஸ்டர் வழியா சேஸிஸுக்கு இறக்கணும். பவர் இருக்கும்போது அளந்தா ஒரு கைய பின்னாடி கட்டிக்கிட்டு ஒரே கையாலதான், மோதிரம் செயின் எல்லாம் கழட்டி வச்சிருங்க.

இன்னொரு விஷயம், அளக்கறதுக்கு இன்னொரு ஸ்கோப் யூஸ் பண்றீங்கன்னா அதோட எர்த் பின்ன தயவு செஞ்சு வெட்டாதீங்க. அதோட புரோப் கிரவுண்ட் கிளிப் எர்த்தோட இணைஞ்சிருக்கும், அத சுவிட்ச் மோட் சப்ளையோட பிரைமரி பக்கம் (மெயின்ஸோட நேரா இணைஞ்ச பக்கம்) கொண்டு போய் மாட்டினா பெரிய வெடிதான். ரிப்பேர் ஆகற ஸ்கோப்ப மெயின்ஸ்ல இருந்து பிரிச்சு வைக்கற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்ல போடுங்க, இல்லன்னா ரெண்டு புரோப் போட்டு ஒண்ணுல இருந்து இன்னொண்ண கழிச்சு பாருங்க. எர்த்த வெட்டின ஸ்கோப்போட உடம்பு முழுக்க கரண்ட் ஏறி நிக்கும், அத தொடப்போறது நீங்கதான்.

பதினஞ்சு இருபது வருஷமா ஆன் பண்ணாம கிடந்தது. நேரா பிளக்ல மாட்டலாமா?

வேணாம். முதல்ல பின்னாடி இருக்கற வோல்டேஜ் செலக்டர் 110-ல இருக்கா 220-ல இருக்கான்னு பாருங்க, ஃபியூஸ் சரியான ஆம்பியரா, ஸ்லோ ப்ளோவான்னு பாருங்க, முன்னாடி யாராவது ஃபாயில் சுத்தி வச்சிருக்கவும் சான்ஸ் இருக்கு. மூடிய கழட்டி மூக்கால ஒரு தடவ மோந்து பாருங்க, எரிஞ்ச வாடை எத்தன வருஷம் ஆனாலும் லேசா இருக்கும்.

அப்புறம் ஒரு குண்டு பல்ப சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க, பழைய டங்ஸ்டன் பல்புதான், எல்இடி வேலைக்கு ஆகாது. உள்ள ஷார்ட் இருந்தா பல்பு முழு வெளிச்சத்துல எரியும், ஸ்கோப்புக்கு ஒண்ணும் ஆகாது. ஷார்ட் இல்லன்னா பளிச்சுன்னு ஒரு தடவ எரிஞ்சுட்டு மங்கிடும். 75 வாட் இழுக்கற ஸ்கோப்புக்கு 60 வாட் பல்பு போட்டா முழு வோல்டேஜ் எப்பவுமே போகாது, 100 இல்ல 150 வாட் போடுங்க. லீனியர் சப்ளைன்னா (சுவிட்சிங் இல்லாம டிரான்ஸ்ஃபார்மரும் ரெகுலேட்டரும் மட்டும் உள்ள டைப்) வேரியாக், அதாவது வோல்டேஜ திருகி ஏத்தி இறக்கற டிரான்ஸ்ஃபார்மர் வச்சு மெதுவா ஏத்தலாம், ரொம்ப நாள் தூங்கின கெப்பாசிட்டர் உள்ள ஆக்ஸைடு லேயர் திரும்ப உருவாக அது நேரம் கொடுக்கும். ஆனா சுவிட்ச் மோட் சப்ளைய வேரியாக்ல ஊர விடாதீங்க, வோல்டேஜ் கம்மியா இருந்தா அது கரண்ட அதிகமா இழுக்கப் பாக்கும், இல்ல ஸ்டார்ட் ஆகி ஆகி நிக்கும், அதுல நல்லா இருக்கற சுவிட்சிங் டிரான்சிஸ்டரும் போயிடும்.

ஆன் பண்ண கொஞ்ச நேரத்துல டப்புனு சத்தம், வெள்ளப் புகை, வாடை தாங்கல. ஸ்கோப் காலியா?

பெரும்பாலும் இல்ல. மெயின்ஸ் உள்ள வர்ற இடத்துல மஞ்சளா, கண்ணாடி மாதிரி எபாக்சிக்குள்ள ஒரு ஃபில்டர் கெப்பாசிட்டர் இருக்கும், ரிஃபான்னு எல்லாரும் சொல்றது அதத்தான். உள்ள இருக்கறது மெட்டலைஸ்டு பேப்பர், வெளி எபாக்சி வருஷக்கணக்குல விரிசல் விட்டு ஈரம் உள்ள போயிடும். அத எடுத்துட்டு எக்ஸ்2 முத்திரை (மெயின்ஸுக்கு குறுக்க போடற பாதுகாப்பு வகை) உள்ள புது ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்க, லைனுக்கும் எர்த்துக்கும் நடுவுல இருக்கறதுன்னா கண்டிப்பா ஒய் கிளாஸ்தான், அந்த இடத்துல சாதா கெப்பாசிட்டர் போடவே கூடாது. லேசா விரிசல் கண்ணுக்கு தெரிஞ்சாலே ஆன் பண்றதுக்கு முன்னாடி மாத்திருங்க.

எந்த ரெயில முதல்ல அளக்கறது? எல்லாமே தப்பு தப்பா காட்டுது.

எல்லாமே தப்பா இருக்குன்னா அது நல்ல செய்தி, அஞ்சு ஃபால்ட் ஒரே நேரத்துல வராது. நிறைய ஸ்கோப்புகள்ல ஒரு ரெயில்தான் தலைவர், மத்ததெல்லாம் அத பாத்துதான் தன்ன அட்ஜஸ்ட் பண்ணிக்கும். 465-ல அது பிளஸ் 55. அது 40-க்கு இறங்கினா மீதி எல்லாமும் கூடவே இறங்கும், அப்போ 15 வோல்ட் ரெகுலேட்டர்ல டிரான்சிஸ்டர் மாத்திக்கிட்டு இருந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. 1950-கள்ல வந்த டெக்ட்ரோனிக்ஸ் 545 மாதிரி வால்வு ஸ்கோப்புல மைனஸ் 150 தலைவர், அதுக்கு 5651-ங்கற சின்ன கேஸ் டியூப் ரெஃபரன்ஸ் கொடுக்கும், 85 வோல்ட் பக்கம் நிக்கும். சர்வீஸ் மேனுவல்ல பவர் சப்ளை சர்க்யூட்ட விரிச்சு வச்சு, ஒவ்வொரு ரெகுலேட்டரோட எர்ரர் ஆம்ப்ளிஃபையர் எத பாத்து ஒப்பிடுதுன்னு விரல வச்சு பின்னாடி போனீங்கன்னா யார் தலைவர்னு தெரிஞ்சுடும்.

ரெகுலேட்டருக்கு முன்னாடி இருக்கற ரா வோல்டேஜையும் எழுதி வைங்க. ரா வோல்டேஜ் நல்லா இருந்து அவுட்புட் இல்லன்னா ரெகுலேட்டர் இல்ல லோடு, ராவே இல்லன்னா டிரான்ஸ்ஃபார்மர், ஃபியூஸ், பிரிட்ஜ் (ஏசிய டிசியா மாத்தற நாலு டயோடு). பாதி தேடல் அங்கயே முடிஞ்சிரும்.

ஒரு ரெயில்ல வோல்டேஜே இல்ல, கிரவுண்டுக்கு ரெசிஸ்டன்ஸ் ரொம்ப கம்மி. போர்டு முழுக்க இருநூறு பார்ட் இருக்கு, ஷார்ட்ட எப்படி கண்டுபிடிக்கறது?

முதல்ல அந்த ரெசிஸ்டன்ஸ் எவ்வளவுன்னு நிதானமா படிங்க, அந்த நம்பரே பாதி கதைய சொல்லும். அரை ஓம், ஒரு ஓம்னா ரெயில் மேலயே நேரா ஷார்ட். 10 ஓம்னு நிக்குதுன்னா சர்க்யூட்ல அந்த ரெயில்ல 10 ஓம் டீகப்ளிங் ரெசிஸ்டர் (ரெயில்ல இருந்து ஒவ்வொரு பகுதிக்கும் தனியா பிரிச்சு கொடுக்கற சின்ன ரெசிஸ்டர்) எங்கெங்க இருக்குன்னு பாருங்க, அதுல ஒண்ணுக்கு பின்னாடி இருக்கற கெப்பாசிட்டர்தான் செத்திருக்கும், அந்த ரெசிஸ்டரும் பழுப்பா கருகிப் போயிருக்கும். அதே நேரம் 5 வோல்ட் ரெயில்ல சில பத்து ஓம் வந்தா பயப்படாதீங்க, லாஜிக் ஐசி நிறைய இருக்கற ஸ்கோப்புல அது சாதாரணமா இருக்கலாம்.

1970-கள் ஸ்கோப்புல ஷார்ட்டுன்னா என் முதல் சந்தேகம் டான்டலம் கெப்பாசிட்டர் மேலதான், மழைத்துளி மாதிரி இருக்கும்ல அது. அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் மெதுவா காஞ்சு சாகும், டான்டலம் ஒரே நாள்ல ஷார்ட் ஆகி நிக்கும்.

தேடற விதம் சொல்றேன். பிளக்க புடுங்கிட்டு, பெஞ்ச் சப்ளைய 1 வோல்டுக்கும் அரை ஆம்பியருக்கும் லிமிட் வச்சு, துருவம் சரியா பாத்து அந்த ரெயில்ல கொடுங்க, 1 வோல்ட்ங்கறதால ஐசி எதுவும் கெடாது. இப்ப மல்டிமீட்டர மில்லிவோல்ட் ரேஞ்சுல வச்சு, ஒரு முனைய கரண்ட் உள்ள போற இடத்துலயே கிளிப் பண்ணிட்டு, இன்னொரு முனையால அந்த ரெயிலோட காப்பர் டிராக் மேல ஊர்ந்து போங்க. கரண்ட் ஓடற பாதைல ரீடிங் ஏறிக்கிட்டே போகும், கரண்ட் ஓடாத கிளைக்குள்ள போனா ரீடிங் அப்படியே நிக்கும், அப்ப திரும்பி வந்து அடுத்த கிளை. ஒரு ஸ்கோப்புல 15 வோல்ட் ரெயில் ஷார்ட், நான் இப்படி போனப்ப 4, 9, 17-ன்னு ஏறிச்சு, டிரிகர் போர்டு கனெக்டர தாண்டினதும் 24, அதுக்கப்புறம் ஒரு மூலைல 31, அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் 31-தான். அந்த இடத்துல ஒரு டான்டலம், பாக்க பளபளன்னு புதுசு மாதிரி, ஒரு கறை இல்ல. ஒரு கால தூக்கினேன், ரெயில் 180 ஓமுக்கு ஏறிடுச்சு. கண்ணால பாத்து தேடியிருந்தா அத கடைசியாதான் சந்தேகப்பட்டிருப்பேன்.

தெர்மல் கேமரா இருந்தா இன்னும் சுலபம், சூடாகற பார்ட் தனியா தெரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவினாலும் சூடான இடத்துல சீக்கிரம் காயும். ஆனா ஷார்ட் நல்ல டெட் ஷார்ட்டா இருந்தா பார்ட் சூடே ஆகாது, அப்ப மில்லிவோல்ட் முறைதான் கைகொடுக்கும்.

புது டான்டலம் போடும்போது கவனிக்க வேண்டியது?

ரெண்டே விஷயம். 15 வோல்ட் ரெயில்ல 20 வோல்ட் ரேட்டிங் போட்டிருப்பாங்க, நீங்க 35 போடுங்க. துருவம்: அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக்ல கோடு போட்ட பக்கம் மைனஸ், டான்டலத்துல குறி போட்ட பக்கம் பிளஸ். இத மாத்தி போட்டா ஆன் பண்ண உடனே நெருப்பு வரும், அதனால போர்டுல சால்டர் வைக்கறதுக்கு முன்னாடி பழச எடுக்கும்போதே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க.

டிரேஸ் நேர்க்கோடா இல்லாம அலையலையா ஆடுது. ரிப்பிளா (டிசியோட சேந்து வர்ற ஏசி அலை)?

அந்த ஸ்கோப்பையே கேளுங்க. டிரிகர் சோர்ஸ லைனுக்கு, அதாவது மெயின்ஸுக்கு மாத்துங்க. அலை அப்படியே அசையாம நின்னுச்சுன்னா அது மெயின்ஸோட சம்பந்தப்பட்டது, நகர்ந்துக்கிட்டே இருந்தா வேற எங்கயோ இருந்து வருது. இப்ப ஒரு சுழற்சிக்கு எவ்வளவு நேரம்னு பாருங்க. 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸ்ல முழு அலை ரெக்டிஃபையர் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் கொடுக்கும், அதாவது 10 மில்லிசெகண்ட். அப்படி வந்தா ஃபில்டர் கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்கு. 20 மில்லிசெகண்ட் வந்தா, அதாவது 50 ஹெர்ட்ஸ், பிரிட்ஜ்ல ஒரு டயோடு ஓப்பன், இல்ல அதோட சால்டர் விட்டுப் போச்சு, கெப்பாசிட்டர எத்தன தடவ மாத்தினாலும் போகாது. மெயின்ஸ் 60 ஹெர்ட்ஸ்னா இதே கணக்கு 120, 60.

ரெகுலேட்டர் அவுட்புட்ல முழு ரிப்பிள் இல்லாம சின்னச் சின்ன பள்ளம் மட்டும் விழுந்துச்சுன்னா, ரா வோல்டேஜோட அடிப்பக்கம் ரெகுலேட்டருக்கு வேணுங்கற அளவுக்கு கீழ இறங்குதுன்னு அர்த்தம். பாஸ் டிரான்சிஸ்டருக்கு (ரெகுலேட்டர்ல லோடு கரண்ட் முழுக்க இது வழியாதான் போகும்) ரெண்டு மூணு வோல்டாவது மிச்சம் இருக்கணும். இன்னொரு ஸ்கோப் கைவசம் இல்லன்னா மல்டிமீட்டர் ஏசி ரேஞ்சுல பாக்கலாம், ஆனா சில மீட்டர் டிசியையும் சேத்து தப்பா காட்டும், 0.1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் ஒண்ண சீரிஸ்ல போட்டு அளங்க.

எல்லா கெப்பாசிட்டரையும் ஒரேடியா மாத்திட்டா பிரச்சன தீர்ந்துடுமே?

இத கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். இருக்கற ஒரு ஃபால்ட்டோட, புதுசா நாலு ஃபால்ட் சேர்றது இப்படித்தான். ஒண்ணு துருவம் மாறிடும், ஒரு டிராக் பெயர்ந்துடும், ஒரு இடத்துல தப்பான மதிப்பு போயிடும், கடைசில ஆன் பண்ணா பழைய ஃபால்ட் எது புது ஃபால்ட் எதுன்னு யாருக்கும் தெரியாது. நாற்பது அம்பது வருஷம் ஆன பெரிய கேன் கெப்பாசிட்டர் அளந்து பாத்தா நல்லா இருக்கறத நிறைய பாத்திருக்கேன். ஈஎஸ்ஆர் (கெப்பாசிட்டருக்குள்ளயே இருக்கற சீரிஸ் ரெசிஸ்டன்ஸ்) மீட்டர்ல அளங்க, ரிப்பிள பாருங்க, கெட்டத மட்டும் மாத்துங்க. ஒவ்வொண்ணு மாத்தினதும் ஆன் பண்ணி ரெயில அளந்துட்டு அடுத்ததுக்கு போங்க.

சுவிட்ச் மோட் சப்ளைல மட்டும் நான் கொஞ்சம் தாராளமா மாத்துவேன், ஏன்னா அங்க ஹை ஃப்ரீக்வன்சி ரிப்பிள் கரண்ட் கெப்பாசிட்டர உண்மையாவே சூடாக்கி காய வைக்கும். அங்க 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் டைப் போடுங்க. லீனியர் சப்ளைல லோ ஈஎஸ்ஆர் அவசியமில்ல. மைக்ரோஃபாரட் கொஞ்சம் கூட இருந்தா பரவால்ல, ஆனா ரெண்டு மடங்கு மூணு மடங்கு போட்டா ஆன் பண்ற நொடில பிரிட்ஜ் டயோடு வாங்கற அடி அதிகம்.

கேன் கெப்பாசிட்டர்ல ஒரு சிக்கல் இருக்கு. நடுவுல ஒரு பிளஸ், சுத்தி மூணு நாலு மைனஸ் கால் இருக்கும், எல்லா மைனஸ் காலும் கேன் வழியா ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கும். போர்டு போட்டவங்க அந்தக் கேனையே ஒரு ஜம்பர் மாதிரி யூஸ் பண்ணி, ஒரு பக்க கிரவுண்ட இன்னொரு பக்க கிரவுண்டோட சேத்திருப்பாங்க. நீங்க ரெண்டு கால் உள்ள புது கெப்பாசிட்டர் போட்டா பாதி போர்டோட கிரவுண்ட் அறுந்துடும். கழட்டினதும் மீட்டர வச்சு அந்த ஓட்டைங்க தங்களுக்குள்ள இணைஞ்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா தடிமனான ஒயர் போட்டு எல்லாத்தையும் சேத்துருங்க.

சுவிட்ச் மோட் சப்ளை டிக், டிக்குனு சத்தம் போடுது, ஆனா ஆன் ஆகல.

சப்ளை கிளம்பப் பாக்குது, ஏதோ ஒண்ணு அத நிறுத்துது. ரெண்டு காரணம் பொதுவா: செகண்டரி பக்கம் ஷார்ட், இல்ல கன்ட்ரோல் ஐசிக்கு சப்ளை கொடுக்கற சின்ன எலக்ட்ரோலிட்டிக் காஞ்சு போச்சு. பிந்தையது சூடான ரெசிஸ்டர் பக்கத்துல ஒளிஞ்சிருக்கும். முதல்ல செகண்டரில இருக்கற டயோடுகளையும் ரெயில்களையும் ஓம்ல பாருங்க. லோட முழுசா கழட்டிட்டு டெஸ்ட் பண்ணாதீங்க, நிறைய சப்ளைக்கு குறைஞ்சபட்ச லோடு வேணும், ரெசிஸ்டரோ சின்ன பல்போ போட்டு பாருங்க.

டெக்ட்ரோனிக்ஸ் 2235 குடும்பத்துல முன்னாடி ஒரு பிரீ ரெகுலேட்டர், அதுக்கு பின்னாடி இன்வெர்ட்டர்னு ரெண்டு படி. நடுவுல 43 வோல்ட் பக்கம் ஒரு டிசி ஓடும். மெயின்ஸ சுத்தமா கழட்டிட்டு, பிரீ ரெகுலேட்டரோட இணைப்பையும் பிரிச்சுட்டு, அந்த 43 வோல்ட்ட பெஞ்ச் சப்ளைல இருந்து கரண்ட் லிமிட்டோட கொடுத்தா பின்பாதி ஓடுதான்னு ஆபத்தில்லாம பாக்கலாம். ஓடினா ஃபால்ட் முன்பாதில, ஓடலன்னா பின்பாதில. இப்படி நடுவுல வெட்டிப் பாக்க முடியற சப்ளை கிடைச்சா அத கண்டிப்பா பயன்படுத்திக்கங்க.

லோ வோல்டேஜ் ரெயில் எல்லாம் கரெக்ட். ஆனா ஸ்கிரீன் இருட்டு.

பீம் ஃபைண்டர் பட்டன (வெளிய போன டிரேஸ ஸ்கிரீனுக்குள்ள இழுத்துக் காட்டறது) அமுக்குங்க, புள்ளி தெரிஞ்சா ஹை வோல்டேஜ் உயிரோடதான் இருக்கு, பிரச்சன டிஃப்ளெக்ஷன்ல. தெரியலன்னா ஹை வோல்டேஜ் ஆஸிலேட்டரோட ஃபியூஸ், டிரான்சிஸ்டர் ரெண்டையும் பாருங்க. 465-ல கேத்தோடு மைனஸ் 2,400 சொச்சம் வோல்ட்ல இருக்கும், சாதா மல்டிமீட்டர் 1,000 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும், வோல்டேஜ ஆயிரத்துல ஒரு பங்கா குறைச்சுக் கொடுக்கற 1000-க்கு 1 ஹை வோல்டேஜ் புரோப் இல்லாம அந்தப் பக்கம் போகவே போகாதீங்க. அளக்காமலே ஒரு அடையாளம் சொல்றேன்: டிரேஸ் வழக்கத்த விட பெருசாவும் மங்கலாவும் இருந்தா ஹை வோல்டேஜ் இறங்கியிருக்கு, ஏன்னா எலக்ட்ரான் மெதுவா வந்தா அதே டிஃப்ளெக்ஷன் வோல்டேஜுக்கு அதிகமா வளையும். இன்டென்சிட்டிய ஏத்தும்போது படம் ஊதிக்கிட்டே போனா ஹை வோல்டேஜ் ரெகுலேஷன் வீக். டிரேஸ் கிடைச்சதும் பிரைட்னஸ உடனே இறக்குங்க, ஒரே இடத்துல நிக்கற பளிச்சுன்னு புள்ளி பாஸ்பர எரிச்சுடும், அதுக்கு ரிப்பேர் கிடையாது.

வால்வு ஸ்கோப்புக்கு தனியா ஏதாவது உண்டா?

ஆன் பண்ண உடனே டிசி வராது, ஹீட்டர் சூடாக அரை நிமிஷம் போல டிலே ரிலே பிடிச்சு வைக்கும், அது தெரியாம சப்ளை போச்சுன்னு கழட்ட ஆரம்பிச்சுடாதீங்க. ரொம்ப பழசுல செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும், எரிஞ்சா அந்தப் புகை விஷம், ஜன்னல திறந்துட்டு வெளிய வந்துடுங்க. அதுக்கு பதிலா சிலிக்கான் டயோடு போட்டா டிராப் கம்மிங்கறதால வோல்டேஜ் ஏறிடும், சீரிஸ் ரெசிஸ்டர் போட்டு ஈடு கட்டணும். டெக்ட்ரோனிக்ஸ்ல பார்ட் எல்லாம் செராமிக் ஸ்ட்ரிப்ல சால்டர் பண்ணியிருக்கும், அங்க 3 சதவீதம் வெள்ளி கலந்த சால்டர்தான் யூஸ் பண்ணணும், சாதா சால்டர திரும்பத் திரும்ப வச்சா செராமிக்ல இருக்கற வெள்ளிப் பூச்சு கரைஞ்சு வந்துடும். ஸ்கோப்புக்குள்ளயே ஒரு சின்ன ரோல் சால்டர் சுத்தி வச்சிருப்பாங்க, தேடிப் பாருங்க. அந்தக் காலத்து இன்ஜினியர் யாரோ ஒருத்தர் அம்பது அறுபது வருஷம் கழிச்சு கைல எடுக்கப்போற உங்களுக்காக விட்டுட்டுப் போன மாதிரி இருக்கும், அத பாக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போகும்.

ரெயில் 15-க்கு பதிலா 15.1 காட்டுது. டிரிம் பாட்ட (வோல்டேஜ அட்ஜஸ்ட் பண்ற சின்ன திருகு) திருப்பி சரி பண்ணிடவா?

திருப்பாதீங்க. மேனுவல்ல அந்த ரெயிலுக்கு எவ்வளவு விலகல் அனுமதின்னு பாருங்க, அதுக்குள்ள இருந்தா விட்டுருங்க. ஸ்கோப்போட மொத்த கேலிப்ரேஷனும் இந்த வோல்டேஜ நம்பித்தான் செட் ஆகியிருக்கு, தலைவர் ரெயில அசைச்சா வெர்டிகல், டைம் பேஸ் எல்லாத்தையும் முதல்ல இருந்து பண்ணணும். கண்டிப்பா திருப்பியே ஆகணும்னா பழைய இடத்த பெர்மனன்ட் மார்க்கர்ல குறிச்சுட்டு, உங்க மீட்டர் சரியா காட்டுதான்னு ஒரு ரெஃபரன்ஸ்ல செக் பண்ணிட்டு அப்புறம் திருப்புங்க.

குளிர்ந்திருக்கும்போது ஓடுது, அரை மணி நேரத்துல போயிடுது.

போற நொடில எந்த ரெயில் முதல்ல விழுதுன்னு தெரிஞ்சாகணும், அதனால ஆன் பண்றதுக்கு முன்னாடியே மீட்டர தலைவர் ரெயில்ல கிளிப் பண்ணிட்டு உக்காந்திருங்க. சாக்கெட்ல இருக்கற டிரான்சிஸ்டர்கள, போர்டு கனெக்டர்கள பவர் ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவ கழட்டி மாட்டுங்க, கால்ல ஏறின ஆக்ஸைடு தேய்ஞ்சு போயே பாதி ஸ்கோப் சரியாகியிருக்கு. பாஸ் டிரான்சிஸ்டருக்கு அடியில இன்சுலேஷனா இருக்கற மைக்கா தகட்ட பாருங்க, பேஸ்ட் காஞ்சு தூளா இருந்தா துடைச்சுட்டு புதுசு பூசுங்க. அதுக்கும் மசியலன்னா ஃப்ரீஸிங் ஸ்ப்ரே, ஒவ்வொரு பார்ட்டா, ஆனா பிக்சர் டியூப் கழுத்துல மட்டும் அடிச்சுடாதீங்க, கண்ணாடி விரிசல் விடும்.

சரியானதும் உடனே மூடிய மாட்டாதீங்க. மூடி இல்லாம ஒரு ரெண்டு மணி நேரம், அப்புறம் மூடி போட்டு நாலு மணி நேரம் ஓட விடுங்க, மூடி போட்டாதான் உள்ள உண்மையான சூடு ஏறும். ஆரம்பத்துல எழுதி வச்ச அந்த பேப்பர்ல பக்கத்துலயே சூடான பிறகு வர்ற ரீடிங்கையும் எழுதி, மடிச்சு ஸ்கோப்புக்குள்ள ஹை வோல்டேஜ் பக்கம் படாத ஒரு மூலைல டேப் போட்டு ஒட்டி வைங்க. அடுத்து திறக்கறவங்களுக்கு அது உதவும்.